ஓடமும் வண்டியில் ஏறும்

"ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும்" என்பது நம் முன்னோர் வழங்கிச் சென்ற பழமொழி. வாழ்வின் ஏற்றத் தாழ்வை உணர்த்துவதற்காகவே இதனைப் பெரும்பாலும் எடுத்தாள்கிறோம். ஆயினும், இதனைச் சொல்லுக்குச் சொல் நேர்ப்பொருளிலேயே கொள்ள வேண்டிய சந்தர்ப்பமும் உண்டு. ஆற்றங்கரையை விட்டு அகன்று வாழ்பவன் ஓர் ஓடத்தை உடையவனாயின், அவ்வோடம் நீரில் மிதக்கும் நாட்களினும் வண்டியில் ஏறியிருக்கும் நாட்களே மிகுதி. அந்த வண்டியைப் பற்றியே இங்குச் சிறிது ஆராய்வோம்.

படகை ஏற்றிக் காருக்கோ ஜீப்புக்கோ பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் வண்டியைப் பட்டறைக்காரர் டிரெய்லர் என்பர். புதிதாக வாங்கின் விலை அதிகம். ஆதலால் பிறர் கழித்த பழைய டிரெய்லரை வாங்கிச் செப்பனிட்டுக் கொள்வோரே பலர். செப்பனிடும் முறை அறிந்தால் அது பத்தாண்டு உழைக்கும். அறியாவிடில் நடுச்சாலையில் உயிருக்கே உலை வைக்கும். இதனை நாம் நூலில் படித்து அறியவில்லை. ஆண்டர்சன்பேட்டையில் நேரில் கண்டு அறிந்தோம்.

கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஆண்டர்சன்பேட்டையைத் தமிழர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சுரங்க வேலைக்குச் சென்று குடியேறிய நம்மவரின் பேரரும் கொள்ளுப்பேரரும் இன்றும் அங்குத் தமிழ் பேசி வாழ்கின்றனர். தங்கவயலுக்குச் சில கல் தொலைவில் பேத்தமங்கலம் என்னும் ஊர் உள்ளது. அவ்வூர் நீர்த்தேக்கத்திலிருந்துதான் சுரங்கங்களுக்கும் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் நீர் கொண்டு வரப்பட்டது. அந்நீர்த்தேக்கத்தை நிரப்பும் ஆறு பாலாறு. கன்னட நாட்டு நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, தமிழகத்தில் வயலூர் அருகே கடலில் கலக்கும் இவ்வாற்றின் நீளம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழகத்தில் உள்ளது. ஓரிடத்தில் பிறந்து மற்றோரிடத்தில் வாழ்வதில் பாலாறும் நம்மைப் போன்றதே.

ஆனால் பாலாறு ஆண்டெல்லாம் ஓடும் ஆறன்று. பல ஆண்டுகள் வெறும் மணலாய்க் கிடக்கும். பெருமழை பெய்தால் இரு கரையும் புரள வரும். 2021 நவம்பரில் வேலூர், இராணிப்பேட்டை மாவட்டத்தார் அவ்வெள்ளத்தைக் கண்டனர். இத்தகைய ஆற்றுக்கும் அதனைச் சார்ந்த ஏரிகளுக்கும் உரிய படகைக் கரையிலேயே கட்டிப் போட்டுவிட இயலாது. நீர் வற்றினால் வெயிலில் வெடிக்கும். காவல் இல்லையேல் களவு போகும். காவிரியில், ஒகேனக்கல் பரிசல்காரர் தம் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்துவிடுவர். மூங்கிலால் முடைந்த பரிசலுக்கு அது பொருந்தும். பன்னிரண்டு அடி நீளமுள்ள கண்ணாடியிழைப் படகையும் அதன் எஞ்சினையும் தலையில் சுமப்பார் யார்? அதற்குச் சக்கரமே கதி.

எம் தமக்கையின் கணவர் ஆண்டர்சன்பேட்டைவாசி. ஏரி மீன் குத்தகை ஒன்றில் பங்குடையவர். சில ஆண்டுகளுக்கு முன் அவர் ஒரு சிறு படகும், அதற்கென ஒரு பழைய டிரெய்லரும் வாங்கியிருந்தார். ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலை வேளையில், "வாருங்கள், ஏரிக்குப் போய் வருவோம்" என்று அவர் அழைக்க, நாமும் ஜீப்பில் ஏறினோம். டிரெய்லருக்குப் புதிதாய் நீலவண்ணம் அடித்திருந்தது. பார்வைக்கு மணமகன்போல் இருந்தது. நான்கு கல் கடந்திருப்போம். பின்னால் ஒரு கிறீச்சொலி எழுந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் இடப்புறச் சக்கரம் தன் குடத்தோடு கழன்று, எம்மை முந்திக்கொண்டு சாலையில் உருண்டோடியது. தேநீர்க் கடை ஓரத்தில் பள்ளிப் பிள்ளைகள் மூவர் நின்றிருந்தனர். அவர்களுக்கு ஒரு முழ இடைவெளியில் சென்று, சுவரில் மோதி அது விழுந்தது. டிரெய்லர் சரிந்து படகின் அடிப்பகுதி பிளந்தது. படகு போனது பெரிதன்று; அந்த ஒரு முழத்தை நினைக்கும்போதெல்லாம் இன்றும் எம் நெஞ்சு நடுங்குகிறது.

உடைந்த வண்டியைச் செப்பனிட முன்வந்தவர் அதே தெருவில் வாழும் முதியவர் ஒருவர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் சுரங்கங்கள் மூடப்படும் வரையில் சுரங்கப் பட்டறையில் பிட்டராகப் பணிபுரிந்தவர். கழன்ற குடத்தைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார். "மாப்பிள்ளை பெயிண்டுக்குச் செலவு செய்திருக்கிறார், கிரீசுக்குச் செய்யவில்லை" என்றார். பிறகு எம்மை நோக்கி, "தம்பி, சுரங்கத்தில் கூண்டு அறுந்த பிறகு வடத்தைப் பார்க்கிறவன் கிடையாது. ஆள் இறங்குவதற்கு முன்னே பார்க்கிறவன்தான் உண்டு" என்றார். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான சுரங்கங்களில் கூண்டையும் கம்பிவடத்தையும் நாள்தோறும் சோதித்துப் பழகிய ஊரின் அறிவு அது. அவர் செய்ததனைத்தையும் உடனிருந்து கண்டோம். அம்முறையையே கீழே வரிசையாகத் தருகிறோம்.

முதற்கண் பத்திரம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், மோட்டார் வாகனம் என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் டிரெய்லரையும் அடக்குகிறது. சட்ட வாசகங்களை மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட எமக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் எஞ்சின் இல்லாத வண்டிக்குப் பதிவு எதற்கு என்றே பலரையும்போல் நாமும் எண்ணியிருந்தோம். பதிவுச் சான்று இல்லாத டிரெய்லர் எவ்வளவு மலிவாயினும் வாங்கற்க. சான்றில் உள்ள சேசிஸ் எண்ணும் இரும்பில் பொறித்துள்ள எண்ணும் ஒன்றா என ஒப்பிட்டுப் பார்த்து, உடைமை மாற்றத்தையும் உடனே பதிவு செய்துகொள்ள வேண்டும். சட்டத்தின் அமைப்பை மாற்றுவதாயின் பதிவு அலுவலகத்தை முன்னதாகவே கேட்டறிதல் நலம்.

இரண்டாவது, இரும்புச் சட்டம். வண்ணத்தை நம்பலாகாது. சிறு சுத்தியலால் சட்டம் முழுவதையும் தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும்; துருவால் உளுத்த இரும்பு மந்தமாய் ஒலிக்கும். பற்றவைப்பு இணைப்புகளிலும், உள்ளே நீர் தங்கும் பெட்டிக் குழாய்களிலுமே துரு முதலில் புகும். உளுத்த பகுதியை வெட்டி நீக்கிப் புதிய இரும்பைப் பற்றவைக்க வேண்டுமேயன்றி, மேலே தகடு ஒட்டி மறைக்கக் கூடாது. துத்தநாகப் பூச்சுள்ள இரும்பாயின் பற்றவைக்கும் இடத்தில் அப்பூச்சைத் தேய்த்து அகற்றி, திறந்தவெளியில் வைத்தே பணி செய்ய வேண்டும். அப்புகையை உட்கொண்டால் காய்ச்சல் காணும். பின்னர்க் கம்பித் தூரிகையால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி உலர்த்தி, அதன்மேல் இரு முறை எனாமல் வண்ணம் அடித்தல் வேண்டும். பெட்டிக் குழாய்களின் தாழ்ந்த இடத்தில் சிறு துளையிட்டால் உட்புகும் நீர் வடிந்துவிடும்.

சட்டம் கோணலாகாமல் உள்ளதா என அறிய ஒரு கயிறே போதும். எதிரெதிர் மூலைகளைக் குறுக்காக அளந்தால் இரண்டு அளவும் ஒன்றாதல் வேண்டும். அவ்வாறே, முன்புறக் கொளுவியிலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் உள்ள தூரம் சமமாயிருத்தல் வேண்டும். வேறுபட்டால் வண்டி நண்டுபோல் சாய்ந்து செல்லும். டயர் ஒரு பக்கமாய்த் தேயும். அச்சைத் தாங்கும் கமான் பட்டைகளில் முறிவு உண்டா, அவற்றை இறுக்கும் ஆணிகள் துருவேறி மெலிந்துள்ளனவா என்பதும் இப்பொழுதே காண வேண்டியவை.

மூன்றாவது, சக்கரத்தின் குடம். எமக்கு நேர்ந்த விபத்தின் மூலம் இங்கேதான் இருந்தது. மாட்டு வண்டியில் அச்சுக்கு மசகு இட்டுக் கடையாணி செருகுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். டிரெய்லரிலும் தத்துவம் அதுவே. குடத்தினுள் கூம்பு வடிவ உருளைகள் கொண்ட பேரிங்குகள் உள்ளும் புறமுமாக இரண்டு இருக்கும். கிரீஸ் வெளியேறாமலும் நீர் உட்புகாமலும் தடுக்கப் பின்புறம் ஒரு சீல் இருக்கும். வெளிமுனையில் ஒரு மரை. அம்மரை சுழன்று கழலாதவாறு குறுக்கே செருகிய பிளவாணி. கடையாணியின் இடத்தை வகிப்பது அதுவே. ஜாக்கியால் சக்கரத்தை உயர்த்திக் கையால் சுழற்றினால் ஓசையின்றிச் சுழல வேண்டும். அரைப்பது போன்ற ஒலி எழுந்தாலும், மேலும் கீழும் பிடித்து அசைத்தால் மிகுதியாய் ஆடினாலும், பேரிங்கு தேய்ந்துவிட்டது என்று பொருள்.

முதியவர் இரு குடங்களையும் கழற்றினார். பழைய கிரீசை மண்ணெண்ணெயில் கழுவி, நன்கு உலர்த்திச் சோதித்தார். வெப்பத்தால் நீலம் பாய்ந்த உருளையையோ, குழி விழுந்த உருளையையோ மீண்டும் இடலாகாது. பேரிங்கை மாற்றும்போது அது அமரும் வெளிவளையத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சீலை ஒவ்வொரு முறையும் புதிதாக இட வேண்டும். நீரில் கரைந்தோடாத படகு கிரீசை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, உருளைகளின் இடுக்கெல்லாம் புகுந்து மறுபக்கம் பிதுங்கும் வரையில் நிரப்பினார். குடத்தை ஏற்றியபின் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே மரையை இறுக்கிப் பேரிங்கை அமரச் செய்தார். பிறகு மரையைத் தளர்த்தி விரலால் மட்டும் இறுக்கிப் புதிய பிளவாணியைச் செருகினார். இங்கே வலிமையைக் காட்டுபவன் கெடுப்பான். மிக இறுகினால் பேரிங்கு வெந்து போகும். மிகத் தளர்ந்தால் சக்கரம் ஆடும். இடப்புற அச்சுமுனை முன்னரே அறுபட்டிருந்தமையால், அச்சு முழுவதையுமே மாற்ற வேண்டியதாயிற்று.

படகு டிரெய்லருக்கு மட்டும் உரிய ஒரு நுட்பத்தை இங்குச் சொல்ல வேண்டும். சாலையில் ஓடிய குடம் சூடாயிருக்கும்; உள்ளிருக்கும் காற்றும் விரிந்திருக்கும். சேர்ந்தவுடன் ஏரிக்குள் இறக்கினால் குடம் திடீரெனக் குளிர்ந்து, உட்காற்று சுருங்கி, தேய்ந்த சீலின் வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்நீர் கிரீசைக் கெடுத்துப் பேரிங்கைத் துருப்பிடிக்கச் செய்யும். வெளியே வண்ணம் மின்ன, உள்ளே பேரிங்கு அரித்துக்கொண்டிருக்கும். எம் மைத்துனருக்கு முன் அவ்வண்டியை வைத்திருந்தவர் எத்தனை முறை அவ்வாறு இறக்கினாரோ! ஆதலால் கரை சேர்ந்ததும் அரைமணி நேரமேனும் வண்டியை ஆறவிட்டுப் பின்னரே நீரில் இறக்குதல் நலம். ஆண்டுக்கு ஒரு முறை குடத்தைத் திறந்து பார்ப்பதும் இன்றியமையாதது.

நான்காவது, டயர். படகு டிரெய்லரின் டயர் ஓடித் தேய்வதை விட நின்று கெடுவதே வழக்கம். மேற்பட்டை புத்தம் புதிதாய்த் தோன்றும். பக்கச் சுவரிலோ மயிரிழை வெடிப்புகள் ஓடியிருக்கும். பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் பொறித்திருப்பதைக் காணலாம். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். வயது முதிர்ந்த டயரை மாற்றிவிட வேண்டும். நெடுநாள் நிறுத்தும்போது சட்டத்திற்குக் கீழ் மரக்கட்டை வைத்துச் சக்கரங்களின் பளுவைக் குறைத்து, வெயில் படாமல் மூடி வைத்தல் நன்று. மாற்றுச் சக்கரம் ஒன்று உடன் இருத்தல் கட்டாயம். ஜீப்பின் சக்கரம் இதற்குப் பொருந்தாமற் போகலாம்.

ஐந்தாவது, கொளுவி. ஜீப்பின் பின்னுள்ள இரும்பு உருண்டையும் அதன்மேல் கவியும் டிரெய்லரின் கிண்ணமும் ஒரே அளவினவாய் இருத்தல் வேண்டும். பெரிய கிண்ணம் சிறிய உருண்டையின்மேலும் பூட்டிக்கொள்ளும். முதற்பள்ளத்திலேயே துள்ளிக் கழன்றுவிடும். அவ்வாறு கழன்றாலும் வண்டி தனியே ஓடாதிருக்கவே காப்புச் சங்கிலிகள் இரண்டினைக் கொளுவியின் அடியில் குறுக்காக மாட்டுகிறோம். கழன்ற முன்தண்டு தரையில் குத்தாமல் அக்குறுக்குச் சங்கிலி தாங்கிக்கொள்ளும். "ஒன்று போனால் மற்றொன்று பிடிக்க வேண்டும், கீழே எங்கள் வேலை எல்லாம் அப்படித்தான்" என்று முதியவர் கூறியது நினைவிருக்கிறது.

பளுவைப் பகிர்தலும் இதனோடு சேர்ந்ததே. பின்புறம் பளு மிகுந்தால் வேகத்தில் வண்டி பாம்புபோல் நெளியத் தொடங்கி, இழுக்கும் வாகனத்தையே கவிழ்க்கவும் கூடும். முன்புறம் மிகுந்தால் ஜீப்பின் பின்பகுதி அழுந்தி, முன்சக்கரங்களின் பிடிப்புக் குறையும். மொத்தப் பளுவில் பதினைந்தில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரை கொளுவியில் அமைதல் தக்க அளவு. எம் மைத்துனரின் டிரெய்லரும் படகும் எஞ்சினும் சேர்ந்து 400 கிலோ. ஆகவே கொளுவியில் 27 முதல் 40 கிலோ வரை இருக்க வேண்டும். மளிகைக் கடைத் தராசு ஒன்றை இரவல் வாங்கிக் கொளுவியின் கீழ் வைத்து நிறுத்தபோது 12 கிலோவே காட்டியது. படகை அரை அடி முன்னே நகர்த்தவும் கணக்குச் சரியாயிற்று.

ஆறாவது, படகு அமரும் இடம். நீரில் மிதக்கும் படகை நீர் எல்லாப் புறமும் சமமாய்த் தாங்குகிறது. வண்டியில் அமரும் படகையோ இரண்டொரு கட்டைகளே தாங்குகின்றன. ஆதலால் அக்கட்டைகள் நீண்டனவாயும், படகின் வளைவுக்கு இசைந்தனவாயும் இருத்தல் வேண்டும். எஞ்சின் தொங்கும் பின்னணியத்தின் விளிம்பு வரையில் அவை நீள வேண்டும். குறைந்தால், குண்டுங்குழியுமான சாலையில் எஞ்சினின் பளு படகின் முதுகை முறிக்கும். கட்டைகளின்மேல் நீர் தங்காத செயற்கைக் கம்பளத்தைத் துருப்பிடியா ஆணியால் பொருத்தினோம். அணியத்திற்கு எதிரே ஒரு தடுப்புக் கம்பமும், படகை இழுத்தேற்றக் கைவிஞ்சும் அமைந்தன. ஆயினும் விஞ்சுக் கயிறு ஒன்றையே நம்பிப் புறப்படலாகாது. பின்னணியத்தின் இரு மூலைகளையும் பட்டைக் கயிறால் சட்டத்தோடு பிணிக்க வேண்டும்.

ஏழாவது, விளக்கு. இழுக்கும் வண்டியின் பின்விளக்குகளைப் படகு மறைத்துவிடும். எனவே டிரெய்லருக்கெனச் சிவப்புப் பின்விளக்கு, தடை விளக்கு, திரும்பும் குறி விளக்கு, ஒளி மீட்கும் சிவப்பு வில்லைகள், எண் பலகை யாவும் வேண்டும். விளக்குகள் மினுக்கி மினுக்கி எரிந்தால் பெரும்பாலும் பழுது எர்த்துக் கம்பியில்தான். துருவேறிய சட்டத்தை நம்பாமல், ஒவ்வொரு விளக்கிற்கும் தனியே எர்த்துக் கம்பி இழுத்துவிட்டால் அத்தொல்லை தீரும். நீரில் இறக்குமுன் மின்னிணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

இவ்வளவும் முடிந்தபின் முதியவர் உடனே படகை ஏற்றினாரா? இல்லை. மணல் மூட்டைகளை ஏற்றி வெள்ளோட்டம் விட்டார். மூன்று கல் சென்றதும் நிறுத்தி, ஒவ்வொரு குடத்தின்மேலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பாயின் குற்றமில்லை, கை வைக்க இயலாத சூடாயின் அப்பொழுதே திரும்ப வேண்டும். சக்கர மரைகளை மீண்டும் இறுக்கினார். மறு வாரமே படகு ஏறிற்று. பிள்ளைகள் நின்றிருந்த அந்தத் தேநீர்க் கடையருகே வண்டியை நிறுத்தச் சொல்லி, அங்கும் ஒரு முறை குடங்களைத் தொட்டுப் பார்த்தார். யாரும் ஒன்றும் பேசவில்லை.

ஒரு சிறு மீன்படகுக்கு இத்தனை பாடு எதற்கு என்று சிலர் வினவலாம். 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, கடற்கரை மீனவர் தம் படகுகளை லாரிகளில் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்கு விரைந்தனர். 669 படகுகளில் சென்ற 4,537 மீனவர்கள் குறைந்தது 65,000 பேரை மீட்டதாக அம்மாநில அரசு கணக்கிட்டது. 2015 டிசம்பரில் சென்னைத் தெருக்கள் ஆறானபோதும் மீனவர் படகுகள் இவ்வாறே நகருக்குள் வந்தன. அந்நாட்களில் படகு எவ்வளவு உறுதியாயினும், அதனை ஏற்றி வந்த சக்கரம் வழியில் நின்றிருந்தால், கூரைமேல் காத்திருந்தவர்க்கு அதனால் என்ன பயன்? கடற்கரையிலிருந்து வெகு தொலைவில் உள்ள ஊர்களில் வெள்ளம் புகும் நாளில், முதலில் கைகொடுப்பது அக்கம்பக்கத்து ஏரியின் சிறு படகாகவே இருக்கும்.

பாலாறு எப்பொழுது வரும் என்று எவராலும் கூற இயலாது. வரும் நாளில் அது முன்னறிவித்து, நாம் கிரீஸ் இட்டு முடிக்கும் வரையில் பொறுத்திருப்பதும் இல்லை. வறண்ட நாளில் திறந்து பார்த்த குடமே வெள்ள நாளில் ஓடும். டில்லியிலோ பம்பாயிலோ பெங்களூரிலோ வாழும் நம்மவருள் படகு உடையவர் சிலரே இருக்கலாம். எனினும் கார், ஸ்கூட்டர், கைவண்டி என ஏதேனும் ஒரு சக்கரத்தை உடையவர் பலர். வண்ணம் மங்கினால் கண்ணுக்குத் தெரியும். குடத்தினுள் கிரீஸ் வற்றுவது தெரியாது. தெரியாததை முதலில் பார்ப்பதே பராமரிப்பு. ஓடம் வண்டியில் ஏறும் நாள் வரட்டும். அந்நாளில் வண்டி ஓடும் நிலையில் இருக்கட்டும்.